போதும் என்று சொல்லாத வாய்

“வலியே இல்லையா?”

“இல்லீங்க டாக்டர். வலிச்சிருந்தா முன்னயே வந்திருக்க மாட்டனுங்களா? வாய் முன்ன மாதிரி தொறக்க மாட்டேங்குது, அவ்வளவுதானுங்க. நேத்து ஒரு கொட்டாவி விட்டேன். பாதியில நின்னு போச்சு.”

“பாதியிலன்னா?”

“பாதியிலதானுங்க. மிச்சக் கொட்டாவி உள்ளயே கெடக்குது.”

சொல்லிவிட்டு அம்சவேணி சிரித்தாள். வாயை முழுதாகத் திறக்காமல் சிரித்ததால் அது வேறு யாருடைய சிரிப்போ போல இருந்தது. அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். மகன் ரிஷ்வந்தின் பல்லைக் காட்டுவதற்காகத்தான் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்திருந்தாள். கோவையிலிருந்து மாதாமாதம் வந்து பார்க்கிற பல் மருத்துவர் மீனலோசனி அவன் பல்லைப் பார்த்து முடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியாயிற்று. அவன் வெளியே ஊஞ்சலுக்கு ஓடிவிட்டான். எழுந்து போகிற நேரத்தில்தான் அம்சவேணி, “அப்படியே எனக்கும் ஒரு பார்வை பாத்துருங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“திறங்க. முடிஞ்ச வரைக்கும்.”

மீனலோசனி சிறு கண்ணாடியை உள்ளே விட்டாள். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பற்களைக் காணவில்லை. கடைவாய்ப் பற்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே சுவராக ஏதோ நின்றது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை, பல் முடிந்து ஈறு தொடங்குகிற கோடும் இல்லை. வெள்ளை. பனி பெய்யாத ஊரில் பிறந்தவர்கள் பனியை எப்படி நினைத்துக்கொள்வார்களோ, அப்படியொரு வெள்ளை.

அந்த வெள்ளையை அவளுக்குத் தெரியும். உலகத்தில் இரண்டே இடங்களில்தான் அது இருக்கவேண்டும். ஒன்று, அவளும் பெனடிக்டும் வேலை செய்கிற ஆய்வகம். இன்னொன்று, இந்தக் காப்பகத்துக் குழந்தைகளின் சொத்தைப் பற்கள்.

“இதை உங்களுக்கு யார் வெச்சாங்க?”

“எதைங்க?”

“இந்தச் சிமெண்டை.”

“எனக்கு ஆருங்க வெப்பா? பையனுக்குத்தான் பல் முகாம்ல நீங்க வெச்சீங்க.” அம்சவேணி அவள் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க டாக்டர், ஓட்டை ஏதாச்சும் இருக்குதுங்களா? நானும் நாள் முழுக்கத் துணியில ஓட்டை தேடற ஆள்தான். இருந்தா நேராச் சொல்லிருங்க.”

“ஓட்டை இல்லை” என்றாள் மீனலோசனி. “ஒரு ஓட்டைகூட இல்லை.”

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். மகனும் நீங்களும் ஒரே பிரஷ்ஷா? ஐயே, இல்லீங்க. அவன் கடித்துக் கொடுத்ததைச் சாப்பிடுவீர்களா? முகாமிலேயே கேட்டீங்களே, இல்லைன்னு சொன்னேனே. எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

“சரி. அவன் சாப்பிட்டு மிச்சம் வைக்கிற சோறு என்ன ஆகும்?”

குளித்த தண்ணீர் எங்கே போகும் என்று யாரோ கேட்டதுபோல அம்சவேணி விழித்தாள். “என்னாகும்? நான் வாயில போட்டுட்டுத் தட்டைக் கழுவிருவேன்.”

“தினமுமா?”

“மூணு வேளையுந்தானுங்க. அவன் என்னைக்கு முழுசாத் தின்னுருக்கான்.”

“முகாம்ல கேட்டப்ப இதை ஏன் சொல்லலை?”

“அதையெல்லாம் சாப்பாடுன்னு கணக்குல சேப்பாங்களாங்க?” அவளுக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. “நான் தட்டுப் போட்டு உக்காந்து சாப்பிடறது அதுக்கப்பறந்தானுங்களே.”

மீனலோசனிக்குக் குழந்தை இல்லை. பெனடிக்டுக்குக் கல்யாணமே ஆகவில்லை. முகாமில் கேட்ட அந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசித்து எழுதியவர்கள் அவர்கள் இருவர்தான். தன் தட்டில் மிஞ்சிய சோறு சின்ன வயதில் எங்கே போனது என்று மீனலோசனி அதுவரை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

வெளியே ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது. அவள் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு, சுரண்டி எடுக்கிற கருவியைத் தேடினாள்.

---

“செத்துரும்னுதானே பாத்தோம்” என்றான் பெனடிக்ட். “பெரியவங்க எச்சில்ல விட்டா சிமெண்டுல இருக்குற கிருமி கொஞ்ச நேரத்துல செத்துரும். நீயும் நானும் எத்தனை தடவ பாத்தோம்.”

“ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். மூணு வேளையும் விட்டுப் பார்த்தோமா?”

பெனடிக்ட் நாகர்கோவில்காரன். எந்தச் சோதனை தோற்றாலும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தொடங்குகிறவன். இன்று அவனிடம் பாட்டு இல்லை. அம்சவேணியின் வாயிலிருந்து சுரண்டி எடுத்த வெள்ளைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான்.

“உயிரோட இருக்கு, மீனா. நல்லா கொழுத்து இருக்கு.”

சாதாரண சிமெண்ட் பல்லின் ஓட்டையை அடைக்கும். இவர்களுடையது பல்லை வளர்க்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருந்தன. எச்சிலில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்தை எடுத்து, சொத்தை தின்ற இடத்தில் பல்லாகவே கட்டிவிடுகிற கிருமிகள். முகாமில் குழந்தைகள் அழவில்லை. ஊசி இல்லை, குடைகிற சத்தம் இல்லை, ஒரு துளி மாவைத் தடவினால் போதும். இரவெல்லாம் பல்வலியில் அழுத பிள்ளைகள் தூங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து தூங்கிய தாய்மார் மீனலோசனியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

எங்கே நிறுத்தவேண்டும் என்று அந்தக் கிருமிகளுக்குத் தெரிய ஒரு வழி வைத்திருந்தார்கள். பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப் பல் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வளர்கிற பல் ஒருவிதச் சத்தை விடும். அது பட்டதும் கிருமிகள் கட்டுவதை நிறுத்திவிடும். பெனடிக்ட் அதற்கு ‘போதும்’ என்று பெயர் வைத்திருந்தான்.

“பெரியவங்க வாயில வளர்ற பல்லே கிடையாது” என்றான் அவன் இப்போது. “போதும்னு சொல்ல அங்க ஆளே இல்ல. அது கட்டிக்கிட்டே போகும். பல்லுன்னு இல்ல, எங்க ஒரு கீறல் இருந்தாலும் அதைச் சொத்தைன்னு நினைச்சுக்கிடும். நாக்கு, கன்னம், தொண்டை.”

“மருந்து குடுத்தா?”

“எங்க போய்க் குடுப்ப? தானே கட்டின கல்லுக்குள்ள உக்காந்திருக்கு. வெளிய வந்தால்ல சாகும்.”

அந்த வாரமே மறுபடி காப்பகத்துக்குப் போனார்கள். சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி, சிமெண்ட் வைத்த குழந்தைகளின் பெற்றோரை வரவழைத்தார்கள். வேலை முடிந்து தலையில் பஞ்சுத் தூசியோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை கலகலவென்று இருந்தது. “ஆ காட்டு அக்கா, உள்ள எத்தனை பொய் இருக்குதுன்னு டாக்டர் எண்ணட்டும்” என்றாள் ஒருத்தி. மீனலோசனி வாய்க்குப் பின் வாயாகக் கண்ணாடியை விட்டாள். சிலரிடம் ஒன்றும் இல்லை. சிலரிடம் பல்லிடுக்கில் ஒரு நூல் கனத்துக்கு வெள்ளை. சிலரிடம் அதைவிட அதிகம். ஒருத்தியிடம் நாக்கின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒன்று, தொட்டால் கல்.

வந்திருந்த அப்பாக்களில் ஒருவர் வாயிலும் எதுவும் இல்லை.

“ஏங்க, சத்து எப்படி இருக்குது?” என்று அந்த நாக்குக்காரி கேட்டாள்.

“சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கு” என்றாள் மீனலோசனி. அன்று அவள் சொன்ன ஒரே உண்மை அது.

---

அம்சவேணியை ஆய்வகத்துக்கே அழைத்து வந்து, சேர்ந்துபோன பற்களை மீனலோசனி குடைந்து பிரித்தாள். வெளியே நல்ல வெயில். உள்ளே வெள்ளைப் பொடி பறந்தது. இயந்திரத்தின் முனை மழுங்கி மழுங்கி, மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

“துணி ஓரம் அடிக்கற எங்க ஓவர்லாக் மிஷினே தேவலீங்க” என்றாள் அம்சவேணி, கொப்பளித்துத் துப்பிவிட்டு. வாயை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். “நல்லாயிருச்சுங்க டாக்டர். கொட்டாவி வருது.”

முழுக் கொட்டாவி ஒன்றை விட்டாள். மீனலோசனிக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் அவள் வந்தபோது இடைவெளி மூடியிருந்தது. குடைந்த இடமெல்லாம் அந்தக் கிருமிகளுக்குப் புதுச் சொத்தையாகத் தெரிந்திருக்கிறது. முன்னைவிட வேகமாக, முன்னைவிடக் கெட்டியாகக் கட்டியிருந்தன. இப்போது மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைக்கு ஒரு வெள்ளை விழுது இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் முட்டவில்லை. முட்டினால் அந்த வாய் திறக்காது.

“இந்தத் தடவை குடைய வேண்டாம்” என்று மட்டும் மீனலோசனி சொன்னாள்.

“அப்பறம் என்னங்க பண்றது?”

“யோசிக்கிறோம்.”

“சரிங்க. யோசிங்க.” பல்லைக் கடித்தபடியே பேசப் பழகியிருந்தாள். “பையன் பல்லுக்கு ஒண்ணும் இல்லைல்லீங்க?”

“அவன் பல் ரொம்ப நல்லா இருக்கு.”

“அது போதுமுங்க” என்றாள் அம்சவேணி.

அவள் போன பிறகு பெனடிக்ட் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“நாம எல்லாருகிட்டயும் என்ன சொன்னோம், மீனா? பால்பல் விழும்போது சிமெண்டும் சேந்து விழுந்துரும், அதோட கதை முடிஞ்சுதுன்னு சொன்னோம்.”

“ஆமா.”

“அந்த அம்மா வாயில பால்பல்லு இருக்கா? இல்ல. ஆனா அது உயிரோட இருக்கு. அப்போ பிள்ளைங்க வாயிலயும் பல்லுல மட்டும் இல்ல, வாய் முழுக்க இருக்கு. இன்னைக்கு அங்க போதும்னு சொல்ல ஒண்ணு அடியில வளருது. அதனால சும்மா இருக்கு. அந்தப் பல்லு வளந்து வெளிய வந்த பெறகு?”

மீனலோசனி காப்பகத்துக் குழந்தைகளின் பட்டியலை எடுத்து வயதுகளைப் பார்த்தாள்.

“அம்மாமாருக்கு இப்ப நடக்குறது, பிள்ளைங்களுக்குப் பெறகு நடக்கப்போறது” என்றான் அவன். “நாம பாத்துக்கிட்டு இருக்குறது அதோட முன்னோட்டம்.”

அறையின் மூலையில் கண்ணாடிக் குவளைகளில் எச்சில் நீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அதுவரை மீனலோசனிக்கு ஒரு பெண்ணின் வாயை நினைத்துத்தான் பயம் இருந்தது. இப்போது அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தெரிந்தது. பெரிய வகுப்பு. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வாயெடுக்கிறார்கள். சத்தம் வரவில்லை.

---

பெற்றோரிடம் சொல்லியாகவேண்டும் என்று ஆய்வக நிர்வாகம் முடிவு செய்தது. அதில் தவறில்லை, மீனலோசனியே அதைத்தான் கேட்டிருந்தாள். சிமெண்ட் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். மிச்சத்தை யாரும் தொடக்கூடாது. முத்தம் கூடாது. பள்ளிக்கும் தெரிவிக்கவேண்டும். திங்கட்கிழமை காலை காப்பகத்தில் எல்லார் முன்னாலும் இது வாசிக்கப்படும். அதற்கு முன்னால் அம்சவேணியிடம் நேரில் சொல்லிவிட மீனலோசனி ஞாயிற்றுக்கிழமை மதியம் திருப்பூருக்குப் போனாள்.

அது ஒரு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு கதவுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அம்சவேணி ஸ்டீல் சேரைத் துடைத்துப் போட்டாள். அவளுடைய வாய் இப்போது ஒரு ஸ்பூன் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. கஞ்சியை வடிகட்டிக் குடிக்கிறாளாம். கம்பெனியில் இன்னும் யாருக்கும் தெரியாதாம். “பேச்சைக் கொறைச்சுட்டாளேன்னு சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோசமுங்க” என்றாள் பல்லிடுக்கு வழியாக.

மீனலோசனி சொல்லத் தொடங்கினாள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தனித் தட்டு என்றபோது தலையாட்டினாள். தனி டம்ளர் என்றபோது தலை நின்றது.

“தனி டம்ளருங்களா.”

“கொஞ்ச காலத்துக்குத்தான்.”

“எங்கப்பனுக்கு டீக்கடையில தனி டம்ளர் வெச்சிருந்தாங்க, டாக்டர்.” அவள் ஒவ்வொரு சொல்லையும் இடுக்கில் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தாள். “குடிச்சுட்டு அவரே கழுவிக் கவுத்து வைக்கோணும். அந்தக் கருமம் வேண்டாம்னுதான் ஊரை விட்டுட்டு இங்க வந்தோம். இங்க ஆரு டம்ளர்ல ஆரு குடிச்சா, ஆரும் கேக்க மாட்டாங்க. என்ற கல்யாணத்தப்போ நான் பாத்த பெரிய அதிசயமே அதானுங்க.” மூச்சு வாங்கினாள். “இப்ப என்ற ஊட்டுக்குள்ளயே, என்ற கையாலயே, என்ற பையனுக்கு ஒரு டம்ளரைத் தனியா எடுத்து வைக்கச் சொல்றீங்க.”

“அம்சவேணி, இது அது இல்லை. இது நோய்.”

“அப்பவும் அப்படித்தானுங்களே சொல்லியிருப்பாங்க. ஒட்டிக்கும்னு.”

மீனலோசனி தரையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி கொஞ்சம் முன்னால் நகர்ந்து அவள் கையைப் பிடித்தாள். முகாம் நாளில் பிடித்ததைவிட இறுக்கமாக.

“வேற காரணம் சொல்லுங்க. அம்மாக்களுக்கு வந்த சீக்குன்னு சொல்லுங்க. என்ற பேரைக்கூட சொல்லிக்கோங்க. எங்ககிட்ட இருந்து பசங்களுக்கு ஒட்டிக்கும்னு சொல்லிருங்க, நாங்க தனியா சாப்பிட்டுக்கறோம், தனி டம்ளர் நாங்க வெச்சுக்கறோம். அவங்ககிட்ட இருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அவனுக்கு அது தெரிஞ்சா, அம்மா வாயை நாந்தான் பூட்டினேன்னு அவன் நெனைச்சுக்குவான். ஆயுசுக்கும் நெனைச்சுக்குவான்.”

அப்படிச் சொல்லிவிடலாமா என்று மீனலோசனி ஒரு கணம் உண்மையாகவே யோசித்தாள். தாய்மார் மிச்சம் சாப்பிடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதானே. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பது யாருக்குத் தெரியவேண்டும்? அந்தக் கணம் மிகவும் சுகமாக இருந்தது. பிறகு அவளுக்கு அந்த வகுப்பறை நினைவுக்கு வந்தது.

“அப்படிச் சொன்னா, பசங்களை யாரும் கவனிக்க மாட்டாங்க” என்றாள். “கவனிக்கணும், அம்சவேணி. அவங்க வாயை மாசாமாசம் பார்க்கணும். பால்பல் எல்லாம் விழுந்து, புதுப்பல் முழுசா வளர்ந்ததுக்கப்புறம்...”

முடிக்க வரவில்லை.

அம்சவேணி துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனாள். திறந்த அளவு போதவில்லை. மறுபடி முயன்றாள்.

“அவனுக்குமா?” என்று வந்தது.

“அதுக்குள்ள வழி கண்டுபிடிச்சிருவோம். காலம் இருக்கு.”

“வழி இருக்குதுங்களா இப்போ?”

“இப்போ இல்லை.”

அம்சவேணி அழவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள், அந்த வாய் ஏதோ செய்துவிட்டதுபோல. பிறகு தலைப்புக்குள்ளிருந்தே, மிகவும் தணிந்த குரலில், “நாளைக்குப் படிச்சுக்கோங்க. அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். இன்னைக்கு ஒரு நாள் அவன் முன்னாடி எதையும் காட்டிக்காதீங்க” என்றாள். “முகத்துலகூட.”

மீனலோசனி சரி என்று தலையாட்டினாள்.

வாசலில் செருப்பு உதறுகிற சத்தம் கேட்டது. ரிஷ்வந்த் உள்ளே ஓடிவந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு கொய்யா, செங்காய், பாதி கடித்தது. கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடியும் உப்பும் எச்சிலில் நனைந்து சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தன.

“டாக்டரம்மா வந்திருக்காங்களா” என்று சிரித்தான். அழகான பற்கள். மீனலோசனி அவற்றைப் பார்த்தாள், பிறகு வேறெங்கோ பார்க்க முயன்று, அம்சவேணி சொன்னது நினைவுக்கு வர, மறுபடி அவனையே பார்த்துச் சிரித்தாள். அவன் இன்னொரு கடி கடித்தான். கெட்டியான காய் சத்தத்தோடு உடைந்தது.

கொய்யாவை அம்மாவிடம் நீட்டப்போனவன், பாதியில் கையை இழுத்துக்கொண்டான். “அம்மாவுக்குக் கடிக்க முடியாதுங்க. வாய் சுளுக்கிக்கிச்சு” என்று மீனலோசனிக்கு விளக்கினான். பிறகு கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உப்பும் காரமும் அதிகமாக ஒட்டியிருந்த கடித்த பக்கத்தை மீனலோசனியின் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

அம்சவேணி தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு மீனலோசனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒரு கடி கடிங்க டாக்டரம்மா. செமயா இருக்குது” என்றான் ரிஷ்வந்த்.